பள்ளியும் பள்ளிக்கூடமும் வீடும்: பிள்ளைக்கு ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுக்க

எங்கள் ஊரில் ‘பள்ளி’ என்றால் பள்ளிவாசல்தான். படிக்கிற இடத்தைப் ‘பள்ளிக்கூடம்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர், ஒரு பையனின் தாயைக் கூப்பிட்டு, “உங்க பையன் ஒழுங்கா பள்ளிக்கு வர்றதில்லையே” என்றார். அந்த அம்மா பதறிப்போய், “அஞ்சு வக்தும் போறானே சார்” என்றார், ஐந்து வேளைத் தொழுகையைச் சொல்லி. ஆசிரியர் அறையில் அன்றைக்கெல்லாம் இதே பேச்சு, இதே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பையனை எனக்கு இரண்டு இடத்திலும் தெரியும். இரண்டு பள்ளியும் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று பேசுவது இன்னொன்றின் காதில் விழவில்லை.

நான் கீழக்கரைக்காரி. பகலில் கணக்கு டீச்சர். மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) பிறகு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் 20, 25 பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன். இது 17-ஆவது வருஷம். காலையில் கணக்கு நோட்டோடு பார்த்த பிள்ளையை இரவில் குர்ஆனை வைத்து ஓதும் ரைஹால் பலகையோடு பார்ப்பேன். தெரு அடுத்தடுத்து இருப்பதால் அதன் வீடும் தெரியும். ஓதும் இடத்தில் “பொய் பேசக் கூடாது” என்ற ஹதீஸை (நபிமொழியை) அரபியில் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கிற பையன், மறுநாள் காலை என்னிடமே, “வீட்டுப்பாடம் செஞ்சேன் மிஸ், நோட்டை வீட்ல வெச்சிட்டேன்” என்பான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சட்டம் என்று விளங்கிக்கொண்ட பிள்ளை. அந்த விளக்கத்தை அவனுக்குக் கொடுத்தது நாம்.

அதைக் குறைக்க நான் என்ன செய்கிறேன், மற்ற உம்மாமார்களை என்ன செய்யச் சொல்கிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் பெரிய ஆலிமா (மார்க்க அறிஞர்) இல்லை. உம்மம்மாவிடம் ஓதினேன். அரபி எழுத்தில் எழுதிய தமிழான அரபுத்தமிழை அவர் மளமளவென்று வாசிப்பார். தமிழ் எழுத்தில் தன் பெயரை எழுதத் தெரியாது. மார்க்கச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் ஊர் ஆலிமைக் கேளுங்கள்.

முதலில் நம் வாயைக் கவனிக்க வேண்டும்

சீட்டுப் பணம் வாங்க ஒரு அம்மா வருவார். ஒரு மாதம் கையில் பணம் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் என் சின்னவனிடம், “உம்மா தொழுதுக்கிட்டு இருக்காகன்னு சொல்லு” என்றேன். அப்போது நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவனும் போய் அப்படியே சொன்னான். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுதாயா என்று கேட்டேன். “தொழுதுட்டேன்” என்றான். கால் காய்ந்து கிடந்தது, ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்த அடையாளமே இல்லை. அதட்ட வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. தொழுகையைச் சாக்காகப் பயன்படுத்தலாம் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தானே.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் சிறுவராக இருந்தபோது நடந்ததை அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் படிக்கலாம். அவருடைய தாய், “வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்று கூப்பிடுகிறார். நபியவர்கள் (ஸல்) அந்த வீட்டில் இருக்கிறார்கள். “என்ன கொடுக்க நினைத்தாய்?” என்று கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்கிறார்கள். பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் வார்த்தைக்கே இந்தக் கணக்கு.

ஆகவே முதல் வாரம் பிள்ளைக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை மட்டும் எண்ணுங்கள். “ஊசி வலிக்காது”, “போன்ல சார்ஜ் இல்ல”, “அழாதே, வாப்பா அடுத்த மாசம் வந்துருவாக”, “கடை மூடிட்டாங்க.” எனக்கு முதல் நாளே ஏழு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதிலாக உண்மையான ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “இப்ப பணம் இல்ல, சனிக்கிழமை தர்றேன்னு சொல்லு.” “வலிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி, நான் கையைப் பிடிச்சுக்கறேன்.” சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். பிள்ளையிடம் மாட்டிக்கொண்டால், “ஆமா, நான் சொன்னது பொய், தப்பு” என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். மரியாதை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்று

தாய்மார்கள் என்னிடம் பட்டியலோடு வருவார்கள். தொழுவதில்லை, ஓதுவதில்லை, தம்பியை அடிக்கிறான், எதிர்த்துப் பேசுகிறான், சாப்பாட்டை வீணாக்குகிறான், எந்நேரமும் போன். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்வார்கள். நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மூன்று நான்கு வாரத்துக்கு அது மட்டும். வீட்டிலும் அது, ஓதும் இடத்திலும் அது. முடிந்தால் வகுப்பாசிரியரிடமும் சொல்லி வைப்பது. பள்ளிக்கூடத்தில் திருக்குறளில் வாய்மை அதிகாரம் நடக்கிற வாரமே நானும் உண்மை பேசுவது பற்றிய ஹதீஸை எடுப்பேன். இதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை. தமிழ் டீச்சரிடம் மதியச் சாப்பாட்டில் கேட்டால் போதும். “மிஸ், இதைத்தானே தமிழ் மிஸ்ஸும் சொன்னாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய வேலை முடிந்தது.

நபியவர்கள் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பாருங்கள். உமர் இப்னு அபீ ஸலமா அவர்களுடைய வளர்ப்பில் இருந்த சிறுவர். சாப்பிடும்போது கை தட்டு முழுக்க அலைகிறது. “பிள்ளாய், அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு.” மூன்றே வார்த்தை, அதுவும் கை அலைகிற அந்த நேரத்திலேயே. அதற்குப் பிறகு தாம் அப்படித்தான் சாப்பிட்டு வந்ததாக அவரே பெரியவரான பிறகு சொல்கிறார். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறது.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வசதி உண்டு: சஹன். கல்யாண வீட்டில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். கல்யாணத்துக்கும் பெருநாளைக்கும் மட்டும் வைத்திருந்த அந்த வழக்கத்தை நான் வாரம் ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், வெள்ளிக்கிழமை இரவுக்கு. தன் பக்கம் உள்ளதை மட்டும் எடுப்பது, நடுவில் உள்ள கறித்துண்டைத் தம்பிக்குத் தள்ளிவிடுவது, எல்லாரும் உட்காரும்வரை கை வைக்காமல் இருப்பது எல்லாம் அந்தத் தட்டிலேயே வந்துவிடும். பேச்சே வேண்டாம். தனித்தனித் தட்டில், ஆளுக்கொரு போனைப் பார்த்துச் சாப்பிடும் வீட்டில் ‘பகிர்ந்து உண்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் அது காற்றோடு போகும். சாப்பிட்ட சஹனைக் கழுவுவது ஒரு வாரம் மகள், ஒரு வாரம் மகன். மகன் முகத்தைச் சுளித்தால், நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களுக்கு அவர்களுடைய மனைவி ஆயிஷா நாயகி, வீட்டு வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் போவார்கள் என்று சொன்னதை ஞாபகப்படுத்துவேன். சுளிப்பது நிற்காது. கழுவிவிடுவான்.

தொழுகை: 5,310 தடவை

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் அதற்காக அடியுங்கள், அவர்கள் படுக்கையைப் பிரித்துப் போடுங்கள் என்று ஒரு ஹதீஸ் இருக்கிறது. நம்மவர்களுக்கு நடுப்பகுதிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். நான் கணக்கு டீச்சர், அதனால் முன்பகுதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 நாள். மூன்று வருஷத்துக்கு 1,062. நாளைக்கு ஐந்து வக்து. மொத்தம் 5,310 தடவை சொல்லியாக வேண்டும், கை ஓங்காமல். இதில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டால் அடிக்கத் துடிக்கிற கை கொஞ்சம் இறங்கும். பத்துக்குப் பிறகும் நான் அடிப்பதில்லை. அந்த அடிக்கு ஆலிம்கள் போட்டிருக்கும் நிபந்தனைகளை முழுசாகக் கேட்டால் யாருக்கும் பிரம்பு எடுக்கத் தோன்றாது. நபியவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று ஆயிஷா நாயகி சொன்னது முஸ்லிமில் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது? மஃரிபில் தொடங்குங்கள். மூன்று ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தான், பாங்கு சொன்னதும் எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம், பிள்ளைக்குத் தூக்கமும் இல்லை. விடியற்காலைத் தொழுகையான சுபுஹில் தொடங்கினால் முதல் வாரமே சண்டை. பிள்ளைக்கென்று தனி முஸல்லா (தொழுகை விரிப்பு) வாங்கிக்கொடுங்கள். ஒளு செய்யும்போது தண்ணீர்க் குழாயைப் பாதி திறக்கப் பழக்குங்கள். எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மஃரிப் ஒழுங்கானதும் இரவுத் தொழுகையான இஷா. பிறகு விடுமுறை நாள் லுஹர் (நண்பகல் தொழுகை), அஸர். சுபுஹு கடைசி. ஏழு வயது முடிவதற்குள் ஐந்தும் வந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பையனைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. பிள்ளைகளை எல்லாம் கடைசி வரிசையில் ஒன்றாக நிறுத்தினால் அங்கே விளையாட்டுத்தான் நடக்கும். அப்புறம் ஒரு பெரியவர் அதட்டுவார், பையன் ஒரு மாதம் பள்ளிப் பக்கமே போக மாட்டான். மாமாவோ காக்காவோ (அண்ணனோ) பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிச் சத்தம் குறையும். அதட்டும் பெரியவரிடம் நாம் போய்ச் சண்டை போட முடியாது. ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்து) இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் நபியவர்கள் ஸஜ்தாவை நீட்டினார்கள் என்பதை ஜும்மா பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) ஒரு தடவை சொல்லுங்கள் என்று எங்கள் இமாமிடம் என் மாமா மூலம் கேட்டுக்கொண்டேன். சொன்னார். இரண்டு மாதம் வேலை செய்தது.

பிரம்பும் முகத்தைக் காப்பாற்றுவதும்

நான் சின்ன வயதில் ஓதிய ஓரிடத்தில் பிரம்பு இருந்தது. என்னைச் சேர்க்க வந்த உறவினர், “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதைப் பாசத்தோடுதான் சொன்னார். அங்கே நான் கற்றுக்கொண்டது, பாடம் வராத நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பது எப்படி என்பது. நன்றாகவே கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைகளில் எது நிஜம் என்று எனக்குத் தெரியும்.

வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் 1377-லேயே இதை எழுதிவிட்டார். கடுமையாக நடத்தப்பட்ட மாணவனுக்கு உற்சாகம் போய்விடும், சோம்பல் வரும், அடிக்குப் பயந்து உள்ளொன்றும் வெளியொன்றுமாக நடக்கப் பழகுவான், போகப்போக அதுவே அவன் குணமாகிவிடும் என்கிறார். பள்ளிக்கூடத்தில் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடுக்கிறது. பகலில் அடி வாங்காத பிள்ளை மாலையில் ஓதும் இடத்தில் அடி வாங்கினால், எந்த இடம் அன்பானது என்று அது தானே முடிவு செய்துகொள்ளும். பிள்ளையைச் சேர்க்கும்போதே உஸ்தாதிடம் (ஓதிக்கொடுப்பவரிடம்), “அடிக்காமல் சொல்லிக்கொடுங்கள், வரவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கூப்பிட்டால் போக வேண்டும். அதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

அடிக்காவிட்டால் வேறென்ன? பழைய மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி சொல்லியிருக்கும் முறையை நான் பின்பற்றுகிறேன். நல்லது செய்தால் மற்றவர் முன்னால் பாராட்டு. தவறு செய்து, அதை அவனே மறைக்கப் பார்த்தால், முதல் தடவை பார்க்காதது போல விட்டுவிடு. மறுபடி செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல். ஒரு ரமலானில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி முதல் முழு நோன்பு வைத்திருந்தாள். வீடே கொண்டாடிக்கொண்டிருந்தது. அன்று மஃரிபுக்கு முன்பே ஓத வந்தவள் முகம் கழுவப் போய்விட்டுத் திரும்பும்போது வாயோரம் நனைந்திருந்தது, தொண்டை இறங்கி ஏறியது. பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் அவளே என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “லாத்தா, நான் பாதி நோன்புதான் வெச்சேன்” என்றாள். “அதுவும் பெரிசுதான், நாளைக்குப் பாதி வை” என்று கஞ்சியைக் கொடுத்தேன். அன்று அவளை எல்லார் முன்னாலும் பிடித்திருந்தால், மறுநாள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இன்னொன்றும் கஸ்ஸாலி சொல்கிறார்: ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடு, விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் மனம் செத்துப்போகும். காலை 6.30-க்கு ஓதப் போய், பள்ளிக்கூடம் போய், டியூஷன் போய், மறுபடி ஓத வருகிற பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். என்னிடம் 45 நிமிஷம்தான். அதற்கு மேல் உட்கார வைப்பதில்லை.

நாலு மார்க்

இதில் நான் செய்த தவறு ஒன்று. காலாண்டுத் தேர்வுத்தாளில் கூட்டலில் நான் பிழை செய்துவிட்டேன். ஒரு பெண் தாளோடு வந்து, “மிஸ், எனக்கு நாலு மார்க் கூடுதலா போட்டிருக்கீங்க” என்றாள். நான் அவசரத்தில், “சரி, குடு” என்று வாங்கிக் குறைத்துப் போட்டுவிட்டு, “உட்காரு” என்றேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள். வீட்டில் அவள் உம்மா, “உன்னை யாரு போய்ச் சொல்லச் சொன்னது?” என்று திட்டியிருக்கிறார். ஓதும் இடத்தில் நான் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்தாள். பள்ளிக்கூடத்தில் மார்க் போயிற்று, வீட்டில் திட்டு கிடைத்தது. இரண்டு இடத்திலும் தோற்கடித்ததில் பாதி என் பங்கு.

மார்க்கைக் குறைத்தது சரி, அதில் மாற்றம் இல்லை. இப்போது வருஷத் தொடக்கத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்: தாள் கொடுத்தால் கூட்டிப் பாருங்கள், குறைந்திருந்தாலும் கூடியிருந்தாலும் வந்து சொல்லுங்கள், கூடியிருக்கிறது என்று சொல்கிறவருக்கு வகுப்பே எழுந்து நின்று ஒரு கைதட்டு. வீட்டுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன், திட்டு விழுவதற்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும் என்று. பெற்றோர் பக்கம் இருந்து நீங்கள் செய்யக்கூடியது: தேர்வு முடிந்து வந்தால் “எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன்னால் வேறு ஏதாவது கேளுங்கள். அப்புறம், பிள்ளைக்குக் கொடுத்த செயல்திட்டத்தைக் கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கி அனுப்பாதீர்கள். கோணலாக ஒட்டிய சார்ட்டுக்கு நான் மார்க் போடுவேன்.

இரண்டு உஸ்தாத், இரண்டு விதம்

மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாஃபி வழி. சுபுஹில் குனூத் என்ற துஆவை (வேண்டுதலை) ஓதுவோம். ஹனஃபி என்ற இன்னொரு வழி உஸ்தாதிடம் ஓதிவிட்டு வருகிற பிள்ளை, “அவங்க ஓதலையே, யார் தொழுகை கூடும்?” என்று கேட்கும். ஒரு வீட்டில் மவ்லிது (நபியவர்கள் புகழ்ப்பாடல்) ஓதுவார்கள், பக்கத்து வீட்டில் கூடாது என்பார்கள். பிள்ளை கேட்டால், “இமாம்கள் இப்படியும் விளங்கியிருக்கிறார்கள், அப்படியும் விளங்கியிருக்கிறார்கள், நம் வீட்டில் இப்படிச் செய்கிறோம்” என்று சொன்னால் போதும். பிள்ளைகளுக்கு அது எளிதாகவே புரிகிறது. ஒரே கணக்கை இரண்டு வழியில் போடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புரியாதது பெரியவர்களுக்குத்தான். சாப்பாட்டு நேரத்தில் உஸ்தாதைக் கேலி செய்துவிட்டு, மறுநாள் அவரிடமே பிள்ளையை அனுப்பி ஒழுக்கம் கற்றுக்கொள் என்றால் எப்படி?

வாப்பா வெளிநாட்டில் இருந்தால்

எங்கள் தெருவில் பாதி வாப்பாமார் போனில்தான் இருக்கிறார்கள். இங்கே இஷா முடிந்து எட்டு மணி என்றால் துபாயில் ஆறரை, சவூதியில் ஐந்தரை. வேலை முடிந்து களைத்த முகத்தோடு ஐந்து நிமிஷம் கிடைக்கும். அதில் கேட்பது: “தொழுதியா? ஓதுனியா? மார்க் எவ்வளவு?” பதில்: “ம்.” அடுத்தது, “உம்மாகிட்ட குடு.” இப்படிக் கேட்டால் பிள்ளை ஆமா என்றுதான் சொல்லும். ஆமா சொல்வது எளிது, வாப்பா வந்து பார்க்கவா போகிறார்?

கேள்வியைக் குறைத்துவிட்டு உங்கள் நாளைச் சொல்லுங்கள். “இன்னிக்கு அசந்து தூங்கிட்டேன், சுபுஹு போச்சு, எந்திரிச்சு களா தொழுதேன்” (விட்ட தொழுகையைப் பிறகு தொழுவது) என்று ஒரு வாப்பா தன் மகனிடம் சொன்னார். அதுவரை வாப்பா தவறவே மாட்டார் என்று நினைத்திருந்த பையன், தான் விட்ட தொழுகைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் உம்மா என்னிடம் வந்து, “லாத்தா, இவ்வளவு விட்டிருக்கானா!” என்று தலையில் கை வைத்தார். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது.

உம்மாமார்கள் “வாப்பா வரட்டும், சொல்றேன்” என்று மிரட்டுவதை விட்டுவிடுங்கள். வருஷத்தில் ஒரு மாதம் வருகிற மனிதரைப் போலீஸ்காரர் ஆக்கிவிட்டால், அந்த ஒரு மாதமும் பிள்ளை ஒளிந்துகொள்ளும். பெட்டி பிரிக்கும்போது மகனுக்கு விலை உயர்ந்த போன், மகளுக்கு ஒரு சென்ட் பாட்டில் என்று இருக்கக் கூடாது. நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீருக்கு மட்டும் அவர் தந்தை ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுச் சாட்சியாக இருக்கும்படி கேட்டபோது நபியவர்கள் மறுத்துவிட்டார்கள்: மற்ற பிள்ளைகளுக்கும் இதே போலக் கொடுத்தாயா, பிள்ளைகளுக்கிடையே நீதமாக நட. பெண்பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள். பல வருஷம் கழித்துச் சொல்வார்கள்.

7-ஆம் வகுப்பு நரகம்

இது எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. 7-ஆம் வகுப்புப் பையன் ஒருவன் தன் இந்து நண்பனிடம், “நீ நரகத்துக்குத்தான் போவே” என்று சொல்லிவிட்டான். இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே கிரிக்கெட் டீம். அந்த நண்பன் என்னிடம் அழுதுகொண்டு வந்தான்.

சொன்னவனை வகுப்பில் கேட்கவில்லை. இரவு ஓத வந்தபோது தனியாக, “இது எங்கே கேட்டே?” என்றேன். போனில் வந்த ஒரு வீடியோ. திட்டுவதால் அந்த வீடியோ அவன் தலையிலிருந்து போகாது, அதனால் வேறு இரண்டை வைத்தேன். ஒன்று, குர்ஆனில் மும்தஹினா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம்: உங்களோடு மார்க்கத்துக்காகப் போர் செய்யாத, உங்களை வீட்டை விட்டுத் துரத்தாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதமாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. இன்னொன்று, நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூதப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் கேட்டது. யார் எங்கே போவார் என்பது அல்லாஹ்வின் வேலை, 7-பி பிரிவின் வேலை இல்லை என்றேன். அதற்குச் சிரித்துவிட்டான்.

மன்னிப்பு கேட்க வைப்பதை நான் செய்யவில்லை. அவன் உம்மாவிடம் விட்டேன். மறுநாள் அவர் தொதல் (எங்கள் ஊர் இனிப்பு) ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பையனையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். இதில் நான் சொல்லிக்கொடுத்தது கால் பங்குகூட இருக்காது. தன் உம்மா புர்கா போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி நடந்துபோய்த் தன் பிழைக்காக அடுத்தவர் வாசலில் நின்றதை அவன் பார்த்தானே, அதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். பண்டிகைப் பலகாரம் வந்தால் எடுப்பதா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிவு இருக்கும். எதுவானாலும் முகம் கோணாமல், கொடுத்த கையைப் பார்த்துப் பேசப் பழக்கிவிடுங்கள்.

நாற்பது பக்க நோட்டு

கடைசியாக, கையில் எடுத்துச் செய்ய ஒன்று. 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முன்பக்கம் பிள்ளைக்கு: இந்த மாதம் எடுத்துக்கொண்ட ஒரே ஒரு பழக்கம், தினமும் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி. நோட்டு ஓதும் இடத்துக்கும் வரும், நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன், விரும்பினால் வகுப்பாசிரியரும் போடலாம். உறவுக்காரர்களிடம் காட்டக் கூடாது. நிறைய டிக் வாங்கினவருக்குப் பரிசும் கிடையாது. பரிசு வைத்த வருஷம் எல்லா நோட்டிலும் எல்லா நாளும் டிக் இருந்தது, அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

பின்பக்கம் நமக்கு. அதே மாதம் நாம் எடுத்துக்கொள்கிற பழக்கத்தை எழுதி, பிள்ளையிடம் பேனாவைக் கொடுத்துவிட வேண்டும். குறி போடுவது பிள்ளை. பல தாய்மார்கள் இந்தப் பக்கத்தை மட்டும் தவிர்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிடுவேன்.

என் பக்கத்தில் இந்த மாதம் எழுதியிருப்பது: மஃரிபிலிருந்து இஷா வரை போன் எடுக்கக் கூடாது. இதுவரை நான்கு பெருக்கல் குறி. மூன்று எனக்கே தெரியும். நான்காவது எதற்கு என்று சின்னவனிடம் கேட்டேன். “யோசிச்சுப் பாருங்க உம்மா” என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.